சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாலு பேர்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, கண்ணாடியை வீடெல்லாம் தேடி, அது கழுத்திலேயே தொங்கியதைக் கண்டு உங்களையே திட்டிக்கொண்டு இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இளவட்டங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன வீட்டைத் திருத்திக் கட்டிய கதை. முழுதாக இடிக்கக்கூட இல்லை. ஒரு சுவரை மூன்றடி உள்ளே தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

இப்போது ஏன் அந்தக் கதை என்றால், என் மகன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். பழைய வீடாம், இடமெல்லாம் வீணாகிறதாம். இருக்கிற இடத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இன்னொரு அறை கிடைக்குமாம். சிமெண்டுத் தூசியை நினைத்தாலே எனக்குத் தும்மல் வருகிறது. பாத்திரங்களை எல்லாம் சாக்கில் கட்டி வைத்து, மூன்று மாதம் எது எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்க இந்த வயதில் எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் யார் கேட்கிறார்கள்.

குற்றாலத்தில் எங்கள் வீடு பத்தடி அகலம். நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் இருந்த அறையைத் தார்சா என்போம். அடுத்து நடுவீடு, அதற்குப் பின் அடுக்களை, கடைசியில் தகரக் கூரை போட்ட புறவாசல். ஆனி பிறந்தால் சாரல் தொடங்கிவிடும். தலையணை உறை முதல் தீப்பெட்டி வரை எல்லாவற்றிலும் ஈரம் ஏறும். பள்ளிக்கூடச் சட்டை மூன்று நாளானாலும் காயாது. கரி நெருப்புச் சட்டியின் மேல் ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் எங்கள் துணியை விரித்துக் காய வைப்பது அத்தையின் வேலை. புகையும் சூடும் ஏறிய அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் வெளியே இறங்குவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் தினமும் கருவாடு சுடுவீர்களா என்று கேட்டாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். வைக்கோல் லாரியில் புளியறை தாண்டி மலையாளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த மாமா ஒரு தடவை போனவர் திரும்பவில்லை. அங்கேயே அவருக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டதாகக் கேள்வி. நான் பிறப்பதற்கு முன்பே அத்தை ஒரு பச்சைத் தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூடியில் ஒரு தாமரைப் பூ வரைந்திருக்கும், பாதி உரிந்துபோய். தார்சாவில் ஜன்னல் ஓரமாகப் பெட்டி இருக்கும். அதை ஒட்டிப் பாயை விரித்து அத்தை படுப்பாள். பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டையும் ஜாதிக்காயும் கலந்து ஒரு வாசனை வரும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கைக்கண்ணாடி இருந்தது, நினைவிருக்கிறது.

அப்பா தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். ஒரு நிமிடம் தாமதமானால் டிரைவரைப் பிடித்து உலுக்கிவிடுவார். அதே குணம் வீட்டிலும் இருந்தது. நிமிடம் வீணாகக் கூடாது, இடமும் வீணாகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை விட்டார்கள். நாமும் தார்சாவை விட்டுவிட்டால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அண்ணன் நன்றாகப் படிக்கிறான், அவனைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்பார். தார்சா போதாது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பெரிய அறை வேண்டும். அதனால் சுவரை உள்ளே தள்ளுவது, மிஞ்சிய நடுவீட்டுக்குள் நாங்கள் அடங்குவது என்று முடிவாயிற்று.

சித்திரை வெயிலில் வேலை தொடங்கியது. கொத்தனார் சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். காது மடலில் பீடி, இடுப்பில் டேப்பு. ஆனால் அந்த டேப்பை அவர் லேசில் எடுக்க மாட்டார். படுக்கிற இடத்தை டேப்பால் அளக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

"டேப்பு சுவத்துக்குத்தான் அண்ணாச்சி. வீடு மனுசனுக்கு. எல்லாரையும் படுக்கச் சொல்லுங்க, கோடு போட்டுருவோம்" என்றார்.

பிறகு என் பக்கம் குனிந்து, "வீட்டுல எத்தனை உருப்படி பாப்பா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்பது வயது. கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். வெடுக்கென்று "நாலு" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இன்று தோன்றுகிறது. அது நிஜமாகவே நடந்ததா, அம்மாவைக் காப்பாற்ற நானே பின்னால் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. அம்மா நல்லவள். அப்பாவும் நல்லவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் அவர்களைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

முதலில் அப்பா படுத்தார். வெறும் தரையில், ஊர் ஆள் முன்னால் மல்லாந்து படுக்க அவருக்குக் கூச்சம். மீசையை நீவிக்கொண்டே மேலே கூரை ஓடுகளைப் பார்த்தார். கொத்தனார் கண் திறந்த சிரட்டையில் சுண்ணாம்புப் பொடியை அள்ளி, அவரைச் சுற்றி ஒரு கோடு விட்டுக்கொண்டே வந்தார். அம்மா படுக்கவே மாட்டேன் என்றாள். கொத்தனார் வெளியே திரும்பி நின்ற பிறகு ஒருக்களித்துப் படுத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோட்டை அப்பாதான் போட்டார். அண்ணன் குதிகாலை நீட்டி உயரத்தைக் கூட்டப் பார்த்தான். நான் சிரித்துச் சிரித்து உருண்டதில் என் கோடு கோணிக்கொண்டு போயிற்று. எங்கள் இருவருக்கும் மேலே பரண் கட்டுவதாக ஏற்பாடு. அதற்கு அளவு இது. "வளருத பிள்ளைங்க, அரையடி கூடக் கெடக்கட்டும்" என்று கொத்தனார் எங்கள் கால்மாட்டில் இன்னொரு கோடு விட்டார்.

அந்த நேரத்தில்தான் அத்தை அடுக்களையிலிருந்து டீ கொண்டுவந்தாள். தட்டில் ஐந்து டம்ளர். கொத்தனாருக்கு, சித்தாளுக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனும் நானும் பாதிப் பாதி குடிக்க ஒன்று. நடுவீடு முழுக்கச் சுண்ணாம்புக் கோடாக இருந்தது. அத்தை ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சேலையைக் கரண்டைக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு கோடுகூட அழியாமல் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தாள். அவள் பாதத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. வெடித்த குதிகால், அதில் ஈரம்.

வேலை ஒன்றரை மாதம் நடந்தது. அதுவரை ஆளுக்கொரு மூலையில், கிடைத்த இடத்தில் படுத்தோம். அப்பாவின் மூளை முழு வேகத்தில் ஓடிய காலம் அது. பரணுக்கு ஏறும் படிக்குக் கீழே அரிசிப் பானைக்கு இடம். கதவுக்குப் பின்னால் குடைக்கு ஒரு ஆணி. அம்மாவின் சீப்புக்குச் சுவரில் ஒரு மாடம், சீப்பு நீளத்துக்கே. அடுக்களையில் நின்றுகொண்டு சமைக்கிற மாதிரி அடுப்புத் திண்டு வந்தது. அடியில் விறகுக்கு இடம் விட்டதால் தரையில் பாதி போயிற்று. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து வந்து பார்த்தார்கள். ஒரு அங்குலம்கூட சும்மா கிடக்கவில்லை என்று அப்பா அவர்களிடம் சொன்னார்.

தார்சாவைக் காலி செய்தபோது கொத்தனார் பச்சைப் பெட்டியைக் காலால் தட்டி, இது யாருடையது என்று கேட்டார். அக்கா பெட்டி என்றார் அப்பா. அதற்கும் ஒரு இடம் வேண்டுமே என்று இருவரும் யோசித்தார்கள். பெட்டியை நிறுத்திப் பார்த்தார்கள், கிடத்திப் பார்த்தார்கள். இதற்கு மட்டும் கொத்தனார் டேப்பை எடுத்து அளந்தார். நடுவீட்டுச் சுவரைக் குடைந்து ஒரு பொந்து கட்டி, உள்ளே சிவப்புச் சிமெண்டு பூசி வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். பெட்டி இம்மி பிசகாமல் உள்ளே போயிற்று. அப்பா அதை இரண்டு முறை வெளியே இழுத்து உள்ளே தள்ளி மகிழ்ந்தார். அக்கா பெட்டி என்று தன் வாயால் சொன்னவருக்கு, அக்கா எங்கே படுப்பாள் என்ற கேள்வி வரவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஒருவருக்கும் வரவில்லை.

புதுச் சுவர் காய்ந்து, பாயெல்லாம் உதறி விரித்த முதல் நாள் சாயந்தரம்தான் தெரிந்தது. அப்பா, அம்மா பாய்கள் சுவரோடு சுவராகப் பொருந்தின. அண்ணனும் நானும் பரணில் ஏறிவிட்டோம். மேலிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தை சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தார்சாவை வெள்ளையடித்துப் பூட்டியாகிவிட்டது. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்பா எழுந்து உட்கார்ந்து தரையை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"எக்கா, ஒனக்கு..." என்று இழுத்தார்.

"எனக்கென்ன. நான் அடுக்களையில கெடந்துக்கிடுதேன்" என்றாள் அத்தை.

எனக்குப் பரண் கிடைத்த சந்தோஷம். கையை நீட்டினால் ஓடு தொடலாம். சாரல் விழும் சத்தம் காதுக்கு நேர் மேலே கேட்கும். மூன்று நாளில் நான்கு தடவை தலையை இடித்துக்கொண்டேன், அதுவும் சந்தோஷம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு வருத்தமே இல்லை.

அடுக்களையில் திண்டுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சியது மூன்றடிச் சதுரம். அத்தை கொஞ்சம் உயரமான பெண். காலை மடக்கிப் பார்த்தாள், உட்கார்ந்தபடி சாய்ந்து பார்த்தாள். பத்து நாளில் புறவாசலுக்குப் போய்விட்டாள். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. சாரல் திரும்பி அடித்தால் பாய் நனையும். சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். ஆனி பாதியில் இருமல் வந்தது. கரி நெருப்புச் சட்டி வைக்கிற இடத்தில் இப்போது விறகு இருந்ததால் துணி காய வைக்க வழியில்லாமல் போயிற்று. ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். அதற்கு அம்மாவிடம் சண்டை போட்டேன், அத்தையிடமும் போட்டேன்.

சீசனுக்கு முதலில் வந்தவர்கள் திருச்சிப் பக்கத்துக் குடும்பம். நல்ல மனிதர்கள். எனக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் அந்த வீட்டு அம்மா கக்கூஸுக்குப் போக புறவாசலுக்கு வந்து, இருட்டில் அத்தையின் மேல் தடுக்கி விழுந்துவிட்டாள். அவளுக்கு முழங்கை சிராய்த்துவிட்டது. அத்தைதான் தூக்கிவிட்டு மஞ்சள் அரைத்துப் போட்டாள். காலையில் அவள் கணவர் அப்பாவிடம் வந்து கோபமில்லாமல்தான் சொன்னார். உங்கள் வேலைக்காரம்மாவுக்கு வேறு இடம் ஏதாவது கொடுக்கக் கூடாதா, பாவம், நனைந்துகொண்டு கிடக்கிறார்கள் என்றார்.

அது என் அக்கா என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி சார், பார்க்கிறேன் என்றார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, இனி யாரிடம் போய்க் கேட்பது.

அத்தை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே அவளாகப் பேச்சை எடுத்தாள். புளியறையில் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்குச் சாப்பாடு போடும் கடை ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள், பின்னால் தங்க ஒரு அறையும் உண்டு என்று யாரோ சொன்னார்களாம். சீசன் முடிகிற வரைக்கும் போயிருக்கட்டுமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்டாள். அம்மா அழுதாள். "மதினி, பரண்ல பிள்ளைகளோட..." என்று ஆரம்பித்தாள். பரணில் மூன்று பேர் படுக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

"மூணு மாசந்தானே. சீசன் முடிஞ்சதும் வந்துருதேன்" என்றாள் அத்தை.

பொந்திலிருந்து பெட்டியை இழுத்தார்கள். ஈரத்தில் தகரம் துருவேறிச் சுவரோடு பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அண்ணனும் அப்பாவும் ஆட்டி ஆட்டி எடுத்ததில் மூடியில் மிச்சமிருந்த தாமரையும் உரிந்து போயிற்று.

நானும் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அப்பா செங்கோட்டை வழியாகப் போகிற தங்கள் கம்பெனி பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் அத்தையை உட்கார வைத்தார். நேரமாகிவிட்டது. டிரைவர் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அப்பா விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்கிறார், பஸ்ஸைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் அந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டான். அப்புறம்தான் ஊதினார். என் அப்பா தன் ஆயுளில் யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்திவைத்தவர் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தை அவரால் வேறு எப்படியும் கொடுக்க முடிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

சீசன் முடிந்தது. தார்சா காலியாயிற்று. அத்தை வரவில்லை, நாங்களும் போய்க் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு வருவாள் என்றோம். தீபாவளிக்கு ஒரு பாத்திரம் நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் மட்டும் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. அடுத்த சீசனுக்கு இன்னொரு குடும்பம் வந்தது. பெட்டி இருந்த பொந்தில் அம்மா முதலில் எதையும் வைக்கவில்லை. பிறகு விளக்குமாறு வந்தது, அப்புறம் பழைய செருப்புகள். அண்ணன் படித்தான், வடக்கே போய்விட்டான், அங்கேயே இருக்கிறான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, கொல்லத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் புளியறையில் இறங்கினேன். அத்தைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது. கடைக்குப் பின்னால் அவளுடைய அறையைக் காட்டினாள். நாலு சுவர், ஒரு கயிற்றுக் கட்டில், அதன் கீழே பச்சைப் பெட்டி. கட்டிலில் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் அவளிடம் அன்று நாலு என்று சொன்னதைச் சொல்லி, அழுதேவிட்டேன். வருஷக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்தது.

அவள் என் தலையில் கை வைத்தாள்.

"ஏட்டி, நீ சின்னப்பிள்ள. நான் அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். நீ நாலுன்னு சொல்லுத, எனக்கும் சரியாத்தான் இருந்துச்சு. டம்ளர் எடுத்து வைக்கயிலயும் நான் என்னையச் சேத்து எண்ணுனதே இல்லியே."

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு மீன் பொரித்துக் கொடுத்தாள். அவள் இறந்த தகவல் எங்களுக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. பெட்டி என்ன ஆயிற்று என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். அந்தக் குற்றாலத்து வீடு இப்போது என் பெயரில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். முன்னறையை, அதுதான் பழைய தார்சா, ஹோம் ஸ்டே ஆக்கப் போகிறானாம், எல்லாம் போனிலேயே புக் ஆகுமாம். தென்காசியிலிருந்து இன்ஜினியர் ஒருத்தி வந்தாள். சின்னப் பெண், சுறுசுறுப்பு. கையில் ஒரு சின்ன மெஷின். அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, அளவு தானாகக் காட்டுகிறது. பொந்துக்கு வந்ததும் நின்று, செருப்புகளை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன ஆன்ட்டி, வேஸ்ட்டா கெடக்கு? அடைச்சுருவமா?"

பெட்டி வைத்த இடம் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். மகன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான்தான் பதில் சொன்னேன்.

"மூணு பேரும்மா."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தட்டிக்கொண்டாள். டீ போடலாம் என்று எழுந்து உள்ளே போனேன். இன்ஜினியருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று டம்ளரை எடுத்து வைத்தேன். மூன்று டம்ளரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் மூன்று பேரையும் தாண்டி முன்னறைக்குப் போனேன். ஜன்னலோரம் சுவரைப் பிடித்து, முதலில் ஒரு முழங்காலை ஊன்றி, அப்புறம் இன்னொன்றை ஊன்றி, மெதுவாகத் தரையில் மல்லாந்து படுத்தேன். மேலே ஓடு இல்லை இப்போது, கான்கிரீட்தான். தரை சில்லென்றிருந்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டேன்.

எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"எம்மா, என்ன செய்யுத? மயக்கமா? எந்திரிம்மா" என்று மகன் கையைப் பிடித்தான்.

"ஒண்ணுமில்லலே. நாலு பேருன்னு எழுதச் சொல்லு. அந்தப் பிள்ள இங்கன அளக்கட்டும், அப்புறம் எந்திரிக்கேன்."

அந்தப் பெண் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.